அவுட்டோர் யூனிட்டில் உள்ளூர் ஆளாகச் சேருவது: முதல் போனிலிருந்து பேக்கப் வரை

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஷூட்டிங். மதியச் சாப்பாட்டுக்கு யூனிட் கலைந்த நேரம், புதிதாக வந்திருந்த பையன் ஒருவன் மேசையில் பாதி குடித்தபடி இருந்த காபி டம்ளரை எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டான். நல்ல எண்ணம்தான். சாப்பிட்டு வந்த பிறகு அதே சீனைத் தொடர வேண்டும், டம்ளரும் பழையபடியே இருக்க வேண்டும். டம்ளரில் எவ்வளவு காபி இருந்தது, பிடி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று இரண்டு உதவி இயக்குநர்கள் போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபது நிமிடம் போயிற்று. மறுநாள் அவனுக்கு அழைப்பு இல்லை. அவனோடு வந்த இரண்டு சோம்பேறிகளுக்கு இருந்தது.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சினிமா, சீரியல், விளம்பர யூனிட் நம் பக்கம் வரும்போது உள்ளூரில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படிச் சேருகிற தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உழைப்பில் யாரும் குறை வைப்பதில்லை. எதை முதலில் செய்வது, யாரிடம் சொல்லிவிட்டுச் செய்வது என்ற வரிசைதான் தெரிவதில்லை. அது தெரியாமல் கூடுதலாக ஓடினால் அடுத்தவருக்கு வேலை வைத்துவிடுவோம்.

1. போன் வந்ததும் ஐந்து கேள்வி

எந்த டிபார்ட்மென்ட்டுக்கு, யாருக்குக் கீழே, எந்தத் தேதிகள், எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும், சம்பளம் எவ்வளவு, எப்போது. பேட்டா, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சம்பளத்துக்குள்ளா வெளியேயா என்பதும் ஐந்தாவது கேள்வியில் அடங்கும்.

‘வாங்க தம்பி, பார்த்துக்கலாம்’ என்பது பதில் ஆகாது. பேசி முடித்த கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: “அண்ணே, செவ்வாய் முதல் வியாழன் வரை 3 நாள், புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட், சம்பளம் இவ்வளவு, பேட்டா தனி, பெட்ரோல் பில்லுக்கு. காலை 5 மணி, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு. சரிதானே?” அவர் கட்டைவிரல் போட்டால் போதும். கூப்பிட்டவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். இரண்டாமவரிடம் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

யாருக்குக் கீழே என்ற கேள்வியைத்தான் புதிதாக வருகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். யூனிட்டில் 80 பேர் இருந்தால் 80 பேரும் உங்களை ‘தம்பி’ என்று கூப்பிட்டு ஒரு வேலை சொல்வார்கள். உங்கள் மேலாள் யார் என்று தெரிந்தால்தான், “இதோ அண்ணே, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்” என்று சொல்ல முடியும்.

2. யூனிட் வருவதற்கு முன் ஒரு பக்கத் தாள்

உள்ளூர் ஆளை எடுப்பதே உள்ளூர் தெரியும் என்பதற்காகத்தான். அதனால் கேட்பதற்கு முன்பே செய்து வைக்கக்கூடிய கூடுதல் வேலை என்றால் முதலில் இதுதான். ஒரே பக்கம் போதும். இரண்டு பக்கம் ஆனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

மேலே, லொகேஷனுக்கு அருகில் உள்ள ஆஸ்பத்திரி. ஒகேனக்கல் என்றால் பென்னாகரம் அரசு மருத்துவமனை, சுமார் 16 கிலோமீட்டர், மலைச் சாலை. பெரிய விஷயம் என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஒகேனக்கல்லிலிருந்து கிட்டத்தட்ட 46 கிலோமீட்டர். தூரத்தோடு நேரத்தையும் எழுதுங்கள். சென்னைக்காரர் 16 கிலோமீட்டர் என்றதும் தன் ஊர்க் கணக்குப் போடுவார். கடைசியாக உள்ள பெட்ரோல் பங்க், ஏடிஎம், இரவில் திறந்திருக்கும் மருந்துக் கடை, ஹார்டுவேர் கடை, பஞ்சர் கடை ஆகியவற்றையும் போடுங்கள். சிக்னல் எங்கே நிற்கும், எங்கே போய்விடும் என்றும் ஒரு வரி. அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் இது முக்கியம்.

அடுத்து மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு என்று துணை மின் நிலையம் வாரியாகப் பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்துவார்கள். முன்கூட்டியே பத்திரிகையில் வந்துவிடும். ஒருமுறை பாலக்கோட்டில் டீக்கடைப் பேப்பரைப் புரட்டியபோது, மறுநாள் நாங்கள் எடுக்கப்போகிற ஊரின் பெயரே மின்தடைப் பட்டியலில் இருந்தது. வீட்டுக் கரண்ட்டை நம்பி, விளக்குக் குறைவாக வைத்து எடுக்கிற சின்ன யூனிட். பேப்பரைப் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலை போய்ப் பார்த்தால் சேலத்திலிருந்து ஜெனரேட்டர் வந்து நின்றது. நான் செய்தது ஒரு டீ குடிக்கிற நேர வேலைதான். அவர் அடுத்த மூன்று வேலைக்கு என்னைக் கூப்பிட்டது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் சத்தமும் கூட்டமும். முகூர்த்த நாளா, ஆடி மாதமா, மார்கழிக் காலையா, பக்கத்தில் கோயில் ஒலிபெருக்கி இருக்கிறதா, பள்ளிக்கூட மணி எத்தனை மணிக்கு, கல்குவாரியில் வெடி வைக்கும் நேரம் என்ன, சந்தை என்றைக்கு. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை அன்று அந்த வழியாக கேரவனைக் கொண்டுபோவேன் என்று திட்டம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி, சேலம் போகும் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. லாரி ஒன்று கவிழ்ந்தால் அங்கே மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். சேலம் பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கு அந்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தாளை உங்கள் மேலாளிடம் மட்டும் கொடுங்கள். யூனிட் குரூப்பில் நீங்களாகப் போடாதீர்கள். அதில் மாற்ற வேண்டியது ஏதாவது இருக்கும், அவர் பார்த்துப் போடுவார். அவரைத் தாண்டிப் போனதாகவும் இருக்காது.

3. பை

பெரிய பை வேண்டாம். நாள் முழுக்க முதுகில் கிடக்கப் போவது. டார்ச், பேனா இரண்டு, தடி மார்க்கர், சின்ன நோட்டு, கேஃபர் டேப் (ஷூட்டிங்கில் கேபிள், மார்க் ஒட்டுகிற துணி டேப்) ஒரு சுருள், கத்தரி, பவர் பேங்க், மழைக்கோட்டு, தொப்பி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து, ஊக்கு. சட்டை கறுப்போ அடர்நீலமோ. வெள்ளைச் சட்டை கண்ணாடியில், காரில், பித்தளைக் குடத்தில்கூடத் தெரிந்துவிடும். பளிச்சென்ற நிறமும் நடிகர் முகத்தில் அடிக்கும்.

செருப்பு வேண்டாம், ஷூ. ஒகேனக்கல் பாறை எப்படி வழுக்கும் என்பது நமக்கே தெரியும்.

4. முதல் ஒரு மணி நேரம்: கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள். நல்ல பெயர் வாங்குவதற்காக இல்லை. யூனிட் வண்டி வந்து நின்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பது பாத்ரூம், டிஃபன், பார்க்கிங், இந்த மூன்றும்தான். முன்னால் வந்தவனுக்குத்தான் பதில் தெரிந்திருக்கும்.

அதன்பிறகு ஒரு மணி நேரம் சொன்ன வேலையை மட்டும் செய்யுங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள், கேமரா எந்தப் பக்கம் பார்க்கப்போகிறது, அடுத்து எந்தப் பக்கம் திரும்பும், டீ எங்கே இறங்குகிறது, ஜெனரேட்டர் கேபிள் எந்த வழியாக ஓடுகிறது என்று கவனியுங்கள். கேமரா திரும்பப்போகிற பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து எல்லா வண்டியையும் எடுக்கச் சொல்வார்கள். உதவி இயக்குநரிடம் முதலிலேயே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், ரிவர்ஸ் எந்தப் பக்கம்?” கேமரா எதிர்ப்பக்கம் திரும்பி எடுக்கிற ஷாட்தான் ரிவர்ஸ். அதைக் கேட்கிறவனை அவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வந்ததும் வராததுமாக ஓடி ஓடிப் பெட்டி தூக்குவதுதான் இந்த இடத்தில் எல்லாரும் செய்கிற தப்பு. லென்ஸ் பெட்டியைக் கேமரா அசிஸ்டென்ட்டைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. லைட்டை லைட்மேன்தான் தூக்க வேண்டும். தமிழ் சினிமாவில் ஃபெப்சி என்ற சம்மேளனத்தின் கீழ் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சங்கம் உண்டு. நீங்கள் அன்போடு தூக்குகிற ஒரு ஸ்டாண்டு இன்னொருவரின் வேலை. கீழே விழுந்து உடைந்தாலும் யார் பொறுப்பு என்று பிரச்சினை, கரண்ட் பட்டாலும் பிரச்சினை. “அண்ணே, கை கொடுக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

5. ஷாட் ஓடும்போது

போனை சைலன்ட்டில் போடுவது போதாது. வைப்ரேஷனையும் நிறுத்துங்கள். மரமேசை மேல் அதிர்கிற போன் சவுண்டு ரெக்கார்டிஸ்ட் காதில் மாவு மெஷின் மாதிரி கேட்கும்.

நடிகர் பார்க்கிற திசையில் நிற்காதீர்கள். ‘லுக்கில் நிற்காதே’ என்று அடிக்கடி காதில் விழும். அவர் அழுதுகொண்டிருக்கும்போது எதிரில் ஒருவன் மூக்கைச் சொறிந்தால் அவ்வளவுதான். லைட்டுக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். ‘ஃபீல்டு கிளியர்’ என்றால் எந்தப் பக்கம் போவதென்று யோசித்துக்கொண்டு நிற்காமல் கேமராவுக்குப் பின்னால் போய்விடுங்கள்.

செட்டில் உள்ள எந்தப் பொருளும் பொருள் கிடையாது, ப்ராப்பர்ட்டி. நாற்காலி, செய்தித்தாள், வாழைப்பழம், கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும்கூட. டம்ளர் கதையை மேலே சொன்னேன். வாழைப்பழக் கதை இன்னும் மோசம், அதை விட்டுவிடுகிறேன்.

6. கூடுதல் வேலை: இந்த வரிசையில்தான்

முதலில் உங்கள் வேலை முடிந்திருக்க வேண்டும். வாட்டர் கேன் நிரப்பச் சொல்லி அனுப்பியவர் திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தால், தோரணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திட்டு விழும்.

இரண்டாவது, அடுத்த அரை மணி நேரத்தில் என்ன கேட்பார்கள் என்று பாருங்கள். அன்றைய வேலைப் பட்டியலான கால்ஷீட் தாளில் எந்த சீன் அடுத்தது என்று இருக்கும். வீட்டுக்குள் எடுக்கிற சீன் முடிந்து அடுத்தது கிணற்றடி என்றால், அங்கே நிழல் இருக்கிறதா, மோட்டார் யார் வீட்டுக் கட்டுப்பாட்டில், வழியில் கட்டியிருக்கிற நாய் யாருடையது என்று போய்ப் பார்த்து வரலாம்.

மூன்றாவது, சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ‘அங்கே நாய் கட்டியிருக்காங்கண்ணா, வீட்டுக்காரர்கிட்டப் பேசி பின்பக்கம் மாத்திக் கட்டச் சொல்லட்டுமா?’ இப்படிக் கேட்டால் பிரச்சினையும் தெரியும், தீர்வும் தெரியும். அவர் தலையாட்டினால் போதும். பிரச்சினையை மட்டும் கொண்டுபோய்ப் போட்டால் அவருக்கு இன்னொரு தலைவலி. கேட்காமலே நாயை மாற்றிக் கட்டினால் கடித்தாலும் உங்கள் பாடு, நாய் அறுத்துக்கொண்டு ஓடினாலும் உங்கள் பாடு.

நான்காவது, முடிந்ததும் ‘ஆச்சுண்ணா’ என்று ஒரு வார்த்தை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வேலை நடந்ததா இல்லையா என்று தெரியாமல் அவர் இன்னொருவனை அனுப்புவார்.

ஐந்தாவது, மாற்றியதை எல்லாம் பழையபடி வைப்பது. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. சவுண்டுக்காரர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. வீட்டுக்குள் வசனம் எடுக்கும்போது ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் வரும், அணைக்கச் சொல்வார்கள். மாலையில் பேக்கப் என்றதும் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், ஃபிரிட்ஜ் அப்படியே கிடக்கும். மறுநாள் வீட்டுக்காரம்மாவின் பால் திரிந்திருக்கும், மாவு புளித்துப் பொங்கியிருக்கும். அதனால் அணைக்கும்போதே உங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. தேடித் திறக்கும்போது ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்துவிடும்.

இதில் நானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று. அணைப்பதற்கு முன், “அம்மா, உள்ள மருந்து ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்பேன். ஒரு வீட்டில் தாத்தாவின் இன்சுலின் இருந்தது. ஐஸ் போட்ட பெட்டிக்குள் துணி சுற்றி வைத்தோம், ஐஸில் நேரடியாகப் படாமல், உறைந்துவிடாமல். அந்த அம்மா அன்று யூனிட்டுக்கே மோர் கொடுத்தார்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஜூஸ் வாங்கி வந்து கொடுப்பது, ஹீரோவின் கேரவன் பக்கம் சுற்றுவது, டைரக்டரிடம் தன் கதையைச் சொல்வது, இவையெல்லாம் கூடுதல் வேலை ஆகாது. கதை சொல்லத்தான் வந்தேன் என்றால் சொல்லுங்கள், ஆனால் அந்த யூனிட்டில் வேலை செய்கிற நாட்களில் வேண்டாம். அதோடு உங்கள் மேலாளுக்கு உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

7. ஊர்க்காரர்களிடம் நீங்கள்தான் யூனிட்டின் முகம்

யூனிட் மூன்று நாளில் போய்விடும். நீங்கள் அதே ஊரில்தான் இருக்கப் போகிறீர்கள். அதனால் வீட்டுக்காரரிடமோ தோட்டக்காரரிடமோ பேசும்போது மேனேஜர் சொல்லாத எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘நடிக்க வைக்கிறேன்’ என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

எந்த இடத்தில் எடுப்பதாக இருந்தாலும் யூனிட் உள்ளே நுழைவதற்கு முன்பு போனில் வீடியோவாக ஒரு சுற்று எடுத்துவிடுங்கள். சுவர், தரை, ஜன்னல் கண்ணாடி, தோட்டமாக இருந்தால் வரப்பு, சொட்டுநீர்க் குழாய். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் கேமரா நகர ட்ராலி தண்டவாளம் போட்டால் பாத்தி நசுங்கும். நட்ட ஈடு எவ்வளவு என்ற பேச்சு வரும்போது அந்த வீடியோ இரண்டு பக்கத்துக்கும் நியாயம் சொல்லும். மாந்தோப்பில் காய் இருக்கும் மாதங்களில் இன்னும் கவனம். நூறு பேர் நடமாடுகிற தோப்பில் ஆளுக்கு இரண்டு காய் பறித்தாலே என்ன ஆகும் என்று தோப்புக்காரரைக் கேளுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய. உங்களுக்கு அதில் ஒன்று வரும் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சென்னை யூனிட்டுக்கு அதன் மதிப்பு பெட்டி தூக்குவதைவிடப் பத்து மடங்கு.

8. ஆடு, மாடு, குழந்தை: இங்கே ஆர்வம் கூடாது

இது என் கதை. ஒரு விளம்பரப் படத்தில் சாலையில் போகிற கார். டைரக்டர் மானிட்டரைப் பார்த்தபடி, “ஒரு ஆட்டு மந்தை கடந்துபோனா நல்லா இருக்கும்ல” என்றார், சும்மா தனக்குத்தானே. நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய் அரை மணியில் முப்பது ஆடும் ஆட்டுக்காரரும் சகிதம் வந்து நின்றேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. விலங்கைப் படத்தில் காட்ட இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் படத்துக்குச் சான்றிதழ் வாங்கும்போது மாட்டும். ஆட்டுக்காரருக்கு அரை நாள் கூலியை என் பையிலிருந்து கொடுத்து அனுப்பினேன். முப்பது ஆட்டையும் திருப்பி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு யூனிட் மொத்தமும் நின்றது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். 2017-இல் வந்த விதிகளின்படி குழந்தையை நடிக்க வைக்கத் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. “கூட்டத்துல நாலு பசங்க நின்னா நல்லா இருக்கும்” என்று யாராவது சொன்னால் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளை இழுத்து வராதீர்கள். உங்கள் மேலாளிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள்.

9. ஆறு, காடு, வெயில்

ஒகேனக்கல்லில் வேலை என்றால் தினமும் காலையில் நீர்வரத்து எத்தனை கனஅடி என்று பாருங்கள். கர்நாடகத்தில் கபினி, கே.ஆர்.எஸ். அணைகளில் திறக்கிற தண்ணீர் பிலிகுண்டுலு வழியாக இங்கே வந்து சேரும். நம் தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆறு ஏறும். வெளியூர்க்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு ‘மழையே இல்லையே’ என்பார். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். அந்த நாளுக்கு மாற்றாக எந்த சீனை எடுக்கலாம் என்பது இயக்குநர் பாடு. ஆனால் தடை வர வாய்ப்பிருக்கிறது என்ற தகவல் முந்தின இரவே அவருக்குப் போயிருக்க வேண்டும், அது உங்கள் பாடு.

‘இந்தப் பாறைக்கு நான் சின்ன வயசுலேர்ந்து போயிருக்கேன்’ என்று யாரையும் கூட்டிப் போகாதீர்கள். பாறையிலும் பரிசலிலும் பரிசல்காரர் சொல்வதுதான் சட்டம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கேமராமேனே கேட்டாலும் ஏற்றக் கூடாது. ஏற்றச் சொல்கிறார்கள் என்றால் மேனேஜரிடம் போய்விடுங்கள். கூடுதலாகச் செய்யக் கூடாத ஒன்று உண்டென்றால் அது ஆபத்தான வேலைக்கு முதல் ஆளாகக் கை தூக்குவது. அதேபோல, மெயின் அருவி, சினிபால்ஸ், ஐந்தருவி என்று வெளியூர்க்காரர் பெயர்களைக் குழப்பிக்கொண்டு வண்டியைத் தப்பான இடத்துக்கு அனுப்புவார். ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காடு இருக்கிற பக்கம், பென்னாகரம்–ஒகேனக்கல் சாலை ஆகட்டும், அஞ்செட்டி, ஜவளகிரி ஆகட்டும், வனத்துறை அனுமதித் தாளில் எந்த இடம், எத்தனை மணி வரை என்று இருப்பதை நீங்களும் ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் வைத்திருக்கிற நண்பரைக் கூட்டி வராதீர்கள். காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வனஉயிரின சரணாலயம் இந்தப் பகுதியில் இருக்கிறது, எல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்பது சாலையில் நின்றால் தெரியாது. அணைகளின் மேல் ட்ரோன் பறக்க விடுவதற்கும் இதே எச்சரிக்கைதான். ராகி முற்றுகிற பருவத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டம் இறங்கும். இருட்டிய பிறகு பைக்கில் தனியாகப் போய் ‘ஒரு பொருள் எடுத்துட்டு வர்றேன்’ என்று வீரம் காட்ட வேண்டாம். ஒகேனக்கல் குரங்குக்கும் ஒரு வரி: சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

வெயில் காலத்தில் லைட்மேன்களுக்கும், ரிஃப்ளெக்டர் பிடித்து நிற்பவர்களுக்கும்தான் முதலில் மயக்கம் வரும். நடிகருக்குக் குடை பிடிக்க ஆள் இருப்பார், இவர்களுக்கு இல்லை. மணிக்கு ஒருமுறை அவர்கள் பக்கம் தண்ணீரோடு போய் வாருங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதன்மேல் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்; பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர், டம்ளரில் இல்லை. பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

10. பேக்கப்

பேக்கப் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பாதிப் பேர் போனை எடுப்பார்கள். அந்த நேரத்தில்தான் உங்களுக்கு அதிக வேலை. குப்பை, நடிகர் நிற்கும் இடத்துக்கு அடையாளமாகத் தரையில் ஒட்டிய மார்க் டேப், சுவரில் அடித்த ஆணி, வீட்டுக்காரரின் நாற்காலிகள், அணைத்த மோட்டார், கழற்றிய கொடிக்கயிறு. காலையில் எடுத்த வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். எண்ணி முடிக்காமல் வாக்கிடாக்கிகளைப் பெட்டியில் போடாதீர்கள். ஒன்று குறைந்தால் கடைசியாக எண்ணியவன் பெயர்தான் வரும். சாவியை எடுங்கள், ஃபிரிட்ஜை ஓட விடுங்கள்.

மறுநாள் கால் டைம், அதாவது எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது, தெரியாமல் கிளம்பாதீர்கள். வீட்டுக்காரரிடம் நாளை எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

11. பணமும் அடுத்த அழைப்பும்

பெட்ரோல், சில்லறைச் செலவு பில்களை அன்றன்றே போட்டோ எடுத்துத் தேதியோடு எழுதி வைக்கவும். மூன்றாம் நாள் மாலை மொத்தமாகக் கொடுத்தால் பாதி பில் பையில் நனைந்திருக்கும். கடைசி நாள் பேக்கப் முடிவதற்கு முன்பே கணக்கை மேனேஜர் கையில் கொடுங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வருவதாக இருந்தால், டி.டி.எஸ். (சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி) பிடிப்பார்களா என்று கேட்டுப் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். பிடித்த தொகை உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்க்கலாம்.

சொன்ன தேதியில் வரவில்லை என்றால் இரண்டு நாள் பொறுத்து, முதல் நாள் அனுப்பிய அதே வாட்ஸ்அப் வரிக்குப் பதிலாகக் கேளுங்கள்: “அண்ணே, இதுக்கான பணம் இன்னும் வரலை, ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?” குரூப்பில் கேட்காதீர்கள். எனக்கு ஒரு இடத்தில் எட்டு மாதம் இழுத்தது. வந்தது பாதிதான். அதற்குப் பிறகுதான் முதல் நாளே எழுதிக் கேட்கும் பழக்கம் வந்தது.

செட்டில் எடுத்த போட்டோ எதையும் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், நடிகரோடு எடுத்துக்கொண்ட செல்ஃபி உட்பட. படம் வெளிவந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்த ஒரு வாரத்தில் மேனேஜருக்கு ஒரே ஒரு செய்தி போதும், வேலையைப் பற்றியதாக: ‘அந்த வீட்டுக்காரர் சுவர் பூசிட்டாராம்ணா, போட்டோ அனுப்பியிருக்கார்.’ தினமும் குட்மார்னிங் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார். அப்புறம், போன் நம்பரை மாற்றாதீர்கள். அவர் போனில் நீங்கள் உங்கள் பெயரில் இருக்க மாட்டீர்கள், ‘ஒகேனக்கல் தம்பி’ என்றுதான் இருப்பீர்கள். அழைப்பு ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வரும்.